சோப்புத் தெருவில் அப்பா

மெரிடித் கோட்டை, டகோட்டா
டிசம்பர், 1884

என் அருமை மகள் அடீலியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், வயிற்றில் இருக்கும் குட்டியும் உதைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும், ஆண்டவரிடம் நான் இப்போது கேட்பது இது ஒன்றுதான். என் சுகத்தைப் பற்றி என்ன எழுத, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆனால் காலையில் காப்பி போடும்போது கை தானாக இன்னொரு கோப்பையையும் நிரப்பி வைத்துவிடுகிறது, பிறகு அதைக் கீழே கொட்ட மனசு வராமல் நானே இரண்டையும் குடித்துவிட்டு நாளெல்லாம் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கிறேன். குளிர் கடுமையாக இருக்கிறது. ஆறு உறைந்துவிட்டது. நீ பின்னி அனுப்பிய சால்வை வந்து சேர்ந்தது, அப்பாவுக்கென்று நீ அனுப்பிய காலுறையும் அதே பொட்டலத்தில் இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் என் காலில் போட்டுக்கொண்டிருக்கிறேன், பெரிதாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

உன் கடிதம் தபால் வண்டி பனியில் மாட்டிக்கொண்டதால் தாமதமாகத்தான் கிடைத்தது. தந்தியில் அப்பா காலமானார் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை, விவரமாக எழுதலாம் என்று நான் உட்காருவதற்குள் இங்கிருந்து மாற்றலாகிப் போன அந்த வாயாடி அம்மாள் முந்திக்கொண்டு உனக்கு எழுதிவிட்டாள். சலவைக்காரிகள் குடியிருக்கும் சோப்புத் தெருவில், துணி வேகவைக்கும் அண்டாக்களுக்கு நடுவில் உன் அப்பா உயிரை விட்டார் என்று அவள் எழுதியது உண்மைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு நீ பத்திரிகைக்கு என்று எழுதி வைத்து எனக்கு நகல் அனுப்பியிருக்கிறாயே, "சாகக் கிடந்த ஒரு வீரரைக் கட்டிலோடு பனியில் தூக்கிப் போட்டுவிட்டு அவர் வீட்டில் குடியேறிய மேஜர்" என்று, அது அப்படியல்ல. மேஜரின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று வேறு கேட்டிருக்கிறாய். அடி அசடே, இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கும்வரை அதைத் தபாலில் போடாதே, ஏற்கனவே போட்டிருந்தால் மாப்பிள்ளையை விட்டு ஒரு தந்தி அடித்தாவது நிறுத்து.

மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக் காட்டு, பள்ளிக்கூடத்து மனுஷன், பட்டாளத்து வழக்கம் அவருக்குத் தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உன் அப்பா கல்லும் மண்ணுமாகக் கிடந்த ஒரு வெர்மான்ட் தோட்டத்தில் பிறந்தவர், வடக்குக்கும் தெற்குக்கும் போர் மூண்டபோது ஊர்ப் பையன்களோடு சேர்ந்து பெயர் கொடுத்தார், கலப்பையைப் பிடித்த கை துப்பாக்கியைப் பிடித்தது, அந்தப் பையன்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வர்ஜீனியாவில் ஒரு பாலத்தைப் பொழுது சாயும்வரை விடாமல் காத்து நின்றதற்காக அவருக்குக் கர்னல் என்று மரியாதைப் பட்டம் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் பட்டாளத்தைச் சுருக்கினார்கள், கர்னலாக இருந்தவரை லெப்டினன்டாகக் கீழே இறக்கி மேற்கே அனுப்பினார்கள், பட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதனால் எல்லாரும் அவரைக் கர்னல் என்று கூப்பிட்டார்கள், சம்பளம் லெப்டினன்டுக்கு, பிறகு கேப்டனுக்கு. அந்தப் பட்டத்தைக் கொடுத்தால் கடையில் ஒரு படி மாவு தருவார்களா என்று நான் கேட்பேன், அவர் சிரித்துக்கொண்டே மீசையைத் தடவுவார். ரெஜிமெண்டில் மேலே இருக்கும் ஒருவர் கண்ணை மூடினால்தான் கீழே இருப்பவருக்கு அடுத்த படி, ஆகவே இரங்கல் செய்தி வரும்போதெல்லாம் மற்ற வீடுகளில் மனைவிமார் மனசுக்குள் கணக்குப் போடுவார்கள், நானும் போட்டேன், போடவில்லை என்று சொன்னால் பொய். அவர் மட்டும் போட்டதில்லை. செத்துப்போன மனுஷனின் பெண்டாட்டிக்கு முதலில் ஆள் அனுப்பி விறகு இருக்கிறதா என்று கேட்பார்.

இப்போது வீட்டு விஷயம். கோட்டையில் எந்த வீடும் நம்முடையது இல்லை. பதவியில் பெரியவர் ஒருவர் புதிதாக வந்து இறங்கினால், தனக்குக் கீழே உள்ள எவர் வீட்டையும் கைகாட்டலாம், அவர் காலி செய்துகொடுக்க வேண்டும், காலி செய்தவர் தனக்குக் கீழே உள்ளவர் வீட்டைக் கைகாட்டலாம், அவர் அவருக்குக் கீழே, இப்படியே போய்க் கடைசியில் ஒரு சின்ன லெப்டினன்ட் கூடாரத்தில் கிடப்பான். நிறுத்திவைத்த செங்கல் வரிசையில் முதல் கல்லைத் தட்டினால் கடைசிக் கல் வரை சாயுமே, அதுபோல. அதனால் பட்டாளத்துப் பெண்கள் நாங்கள் அதற்கு "செங்கல் சாயுது" என்றே பேர் வைத்திருந்தோம். டெக்ஸாஸில் நாம் இருந்தபோது ஒருமுறை அப்படிச் சாய்ந்தது, கடைசிக் கல் நாம்தான். உனக்கு நினைவிருக்காது, நீ பொம்மையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் பாவாடைக்குப் பின்னால் நின்ற வயசு. உன் தம்பி தியோடர் கைக்குழந்தை, அவனுக்கு அப்போது இருமல் கண்டிருந்தது. வடக்கிலிருந்து வாடைக்காற்றும் மழையும் ஒன்றாக வந்தது, கூடாரத்துத் துணி நனைந்து சொட்டியது, குழந்தைக்கு மூச்சு இழுத்தது, என் மடியிலேயே போய்விட்டான். நம் வீட்டை எடுத்துக்கொண்டவர்கள் நல்ல மனுஷர்கள்தான், சவ அடக்கத்துக்கு வந்து அழுதார்கள், அந்த அம்மாள் தன் மேஜைவிரிப்பைக் கிழித்துக் குழந்தைக்குச் சுற்றக் கொடுத்தாள். எனக்கு அந்த அழுகை வேண்டாம், அந்த அடுப்பு இருந்த அறை வேண்டும், ஒரு ராத்திரிக்கு. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி ஒருமுறை எவனாவது என் வாசலில் வந்து நின்றால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று.

இந்த வருஷம் இலை உதிரும் சமயத்தில் அப்பாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது என்று உனக்கு எழுதியிருந்தேன். பிறகு வீக்கம் வயிற்றுக்கு ஏறியது, படுத்தால் மூச்சு முட்டும், முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். இருதயம் களைத்துவிட்டது, இனிக் கிடக்கும்வரை நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவருக்கு ஓய்வு உத்தரவு வரவேண்டியிருந்தது, வந்ததும் உன் ஊருக்கு வந்துவிடுவோம் என்று நான் சொல்வேன், அவரும் சரி சரி என்பார், இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது, அவர் அந்தக் கட்டிலில், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், சொந்த வீடு என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் புது மேஜர் வருகிறார், அவரோடு ஒரு கம்பெனிப் பட்டாளமும் வருகிறது, கோட்டையில் ஒரு அறைகூடக் காலி இல்லை, நம் வீட்டைத்தான் எடுப்பார் என்று செய்தி வந்தது. யார் என்று பார்த்தால் ஹைரம் பீட். போரில் அப்பாவுக்குக் கீழே லெப்டினன்டாக இருந்தவன், அந்தப் பாலத்தில் பயந்து வாந்தி எடுத்தவன், அப்பாதான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவனுடைய சித்தப்பாவுக்கு வாஷிங்டனில் செல்வாக்கு, போர் முடிந்ததும் நேரே கேப்டன், இப்போது மேஜர், அப்பாவுக்கு ஒரு படி மேலே. எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று டாக்டரும் நானும் பேசிக்கொண்டோம். மேஜரின் வண்டி வந்து நம் வாசலில் நின்றபோது நான் விளக்குமாறும் கையுமாகக் கதவைப் பாதி திறந்து, "இங்க ஒரு மனுஷன் செத்துட்டிருக்காரு. அவரு முடிச்சுட்டுப் போனதும் வாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினேன். பீட்டின் மனைவி லூயிசா, சின்ன வயசுக்காரி, குதிரைக் கம்பளியில் சுற்றிய ஒரு பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன். அது தப்பென்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

கதவைச் சாத்தலாம், இருமலைச் சாத்த முடியுமா. அந்தக் குழந்தைக்குக் கக்குவான். இழுத்து இழுத்து இருமி, கடைசியில் ஒரு ஊளை மாதிரி மூச்சை உள்ளே வாங்கும் பார், அது ஜன்னல் வழியாக வந்தது. நான் அப்பாவின் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டேன், பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "லவி, யாரு வாசல்ல?" என்றார். யாருமில்லை, கோவேறு கழுதை வண்டி, என்றேன். "கழுதைக்கு எப்போடி கக்குவான் வந்துச்சு?" என்றார். அப்புறம் நான் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டினேன், கொட்டி முடித்ததும், "இந்தத் தடவை நான் எழுந்திருக்க மாட்டேன், நீங்க சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன்" என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்துக்கொண்டு, இருமல் நின்று மறுபடி தொடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னிக்கு நம்ம கூடாரத்துக்கு வெளியில யாராவது இதைக் கேட்டிருப்பாங்கன்னு நான் நெனச்சுக்கிட்டே இருந்தேன் லவி. கேட்டும் படுத்துட்டாங்களோன்னு. இப்ப நான் கேட்டுட்டேனே" என்றார். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

பீட் உள்ளே வந்தான். மேஜர் அவன், கேப்டன் இவர், ஆனாலும் அறை வாசலிலேயே நின்று அவன்தான் முதலில் சல்யூட் அடித்தான். "கர்னல், எனக்குத் தெரியாது. சத்தியமா நீங்க இப்படிப் படுத்திருக்கீங்கன்னு தெரியாது. நாங்க கூடாரம் அடிச்சுக்கிறோம்" என்றான். அப்பா, "உனக்கு அன்னிக்கே கூடாரம் அடிக்க வராது பீட், ஒரு பக்கம் கட்டினா மறுபக்கம் பறக்கும். அந்தப் புள்ளையை உள்ள தூக்கிட்டு வா, அடுப்பு எரியுது" என்றார். அதற்குள் செங்கல் சாயப்போகிற செய்தி வரிசை முழுக்கப் போய்விட்டது. பதவியில் நமக்குக் கீழே அடுத்தவன் லெப்டினன்ட் ஆட்வே, போன வாரம்தான் அவன் பெண்டாட்டிக்குப் பிரசவம் ஆகியிருந்தது, அந்தப் பெண் இன்னும் எழுந்து நடக்கவில்லை. அவன் வந்து முற்றத்தில் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான், "கர்னல், நாங்க மூட்டை கட்டிட்டோம், எப்ப வேணும்னாலும் வாங்க" என்கிறான், பாவம், சிரிக்கவும் முயற்சி செய்கிறான். அப்பா அவனைக் கட்டிலருகே கூப்பிட்டு, "போய் மூட்டையைப் பிரி. உன் வீடு எனக்கு வேண்டாம். சோப்புத் தெருவுல சார்ஜெண்ட் டூலன் சம்சாரத்துக்குப் பக்கத்து வீடு சும்மாதானே கெடக்கு, அங்க போயிக்கிறேன். செங்கல் என்னோட நிக்கட்டும்" என்றார். கேப்டன் பதவியில் உள்ளவர் சலவைக்காரிகள் வரிசையில் குடியிருப்பது எங்கேயும் கேள்விப்பட்டதில்லை என்று அலுவலகத்திலிருந்து ஒருவன் வந்து முனகினான். அப்படியானால் என்னைக் கைது செய்து அங்கே கொண்டுபோய் வையுங்கள் என்று அப்பா சொல்லி அனுப்பினார்.

சாமான் கட்டும்போது நான் பொறுக்க முடியாமல் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறைதான். அறை முழுக்க வைக்கோலும் தூசியுமாகக் கிடந்தது, கிடக்கட்டும், வருகிறவள் கூட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் புறப்பட்டேன். அப்பா, "பெருக்கிட்டு வா லவி" என்றார். பெருக்க மாட்டேன் என்றேன். அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார், இத்தனை வருஷம் எனக்குச் சொல்லாதது. நீ கல்யாணமாகிப் போன வருஷம், ஆற்று வளைவில் சோளம் பயிரிட்டு மண்வீடு கட்டிக் குடியிருந்த அந்தச் செவ்விந்திய ஜனங்களைத் தெற்கே கொண்டுபோகச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததே, அப்பாதான் ஆட்களோடு போனார், திரும்பி வந்து நெடுநாள் கட்டிலில் படுக்காமல் தரையில் படுத்தார், நான் முதுகுவலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எல்லா வீடும் காலியான பிறகு ஒரு வயசான பெண்பிள்ளை மட்டும் வெளியே வரவில்லையாம். அப்பா குனிந்து உள்ளே போய்ப் பார்த்தால் அவள் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாளாம், மூலை மூலையாக, அடுப்புச் சாம்பலை எல்லாம் அள்ளி. இடிக்கப்போகிற வீட்டை எதற்குப் பெருக்குகிறாய் என்று மொழிபெயர்ப்பாளனை விட்டுக் கேட்டிருக்கிறார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வீடு என்னய்யா பண்ணுச்சு?" என்றாளாம். சொல்லிவிட்டு அப்பா அழுதார் அடீலியா. பாலத்தில் அழவில்லை, தியோடரைப் புதைத்தபோது என் எதிரில் அழவில்லை, இதற்கு அழுதார். "நம்மை எழுப்ப வந்தவன் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நிக்கிறான். போற இடத்துலயும் கூரை இருக்கு. நான் எழுப்பினவங்களுக்கு என்ன இருந்துச்சு? வழியிலயே பாதிப் பேரைப் புதைச்சுட்டு நடந்தாங்க. உத்தரவுன்னு சொல்லிக்கிட்டு நான் குதிரை மேல உக்காந்திருந்தேன்" என்றார். நான் விளக்குமாற்றை எடுத்தேன். மூலை மூலையாகப் பெருக்கினேன், கண் தெரியாமல் பெருக்கினேன், சாம்பலையும் அள்ளினேன்.

ஆகவே அவரைக் கட்டிலோடு தூக்கிப் போனது உண்மை, தூக்கிப் போடவில்லை. அவருடைய கம்பெனிப் பையன்கள் தோளில் வைத்துத் தூக்கினார்கள். அணிவகுப்புத் திடலைத் தாண்டும்போது யாரும் சொல்லாமலே பட்டாளக் கொட்டடியிலிருந்து ஆட்கள் வெளியே வந்து தலையில் தொப்பி இல்லாமல் நின்றார்கள், பனி விழுந்துகொண்டிருந்தது. அப்பா கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "தொப்பியைப் போடுங்கடா, இன்னும் சாகலை" என்று அதட்டினார். சோப்புத் தெருவில் டூலன் மனைவி ஹனோரா, அயர்லாந்துக்காரி, உனக்குத் தெரியுமே, உன் கல்யாணத்து உடுப்புக்குக் கஞ்சி போட்டவள், அதற்குள் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, கதவிடுக்குகளில் கந்தல் திணித்து, வாசலில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "வாங்க கர்னல், இந்தத் தெருவுல என்னைத் தவிர வேற மேலதிகாரி கெடையாது, சொன்ன பேச்சு கேக்கணும்" என்றாள். அவளுடைய அண்டா அடுப்பு நம் சுவருக்கு அந்தப் பக்கம், அதனால் சுவரே வெதுவெதுப்பாக இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து இப்படிச் சூடான வீட்டில் இருந்ததில்லை என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார், அது எனக்காகச் சொன்னதா உண்மையா தெரியாது, ஆனால் மூச்சு கொஞ்சம் சுலபமாகத்தான் இருந்தது. ஈர நீராவியும் சோப்பு மணமுமாக இருக்கும், பக்கத்தில் பெண்கள் துணியை அடித்துக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி வைதுகொள்வார்கள், அதைக் கேட்டு அவர் தாமும் இரண்டு வசவு கற்றுக்கொண்டார். லூயிசா தினமும் சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள், என்னைப் பார்க்கப் பயம். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்கச் சொல்வார், நான் கேட்பேன். ஒருநாள், இன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கினாள் என்று அவள் சொன்னாள். அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

அவர் போன அன்று காலை வெயில் பளிச்சென்று அடித்தது, ஆனால் கடுங்குளிர். ஹனோரா பட்டாளத்துச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் கொடியில் காயப்போட்டிருந்தாள், ஈரம் அப்படியே உறைந்து துணியெல்லாம் விறைத்து நின்றது. தலையணையில் சாய்ந்தபடி ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "யாரு இவங்களை இந்தக் குளிர்ல நிக்க வெச்சது?" என்றார். துணிங்க, கொடியில கெடக்கு, என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "ரொம்ப நேரமா நிக்கிறாங்க லவி. கலைஞ்சு போகச் சொல்லு. வீட்டுக்குப் போகச் சொல்லு" என்று என் கையை இறுக்கினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வாசலுக்கு ஓடி ஹனோராவிடம் சொன்னேன். அவள் உடனே கொடிக்கு முன்னால் போய் நின்று தன் புருஷன் கத்துகிற மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி, "கம்பெனீ, கலையலாம்!" என்று தெருவே அதிரக் கத்திவிட்டு, விறைத்துப்போன அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் அடுக்கிக்கொண்டாள். அப்பா கடைசிச் சட்டை இறங்கும்வரை பார்த்தார். சரி என்பதுபோல் தலையை அசைத்தார். நான் அவர் பக்கம் வந்து உட்காருவதற்குள் முடிந்துவிட்டது.

அவருடைய சாம்பல் குதிரையின் அங்கவடியில் அவர் பூட்ஸைப் பின்பக்கம் பார்க்க மாட்டி, சவப்பெட்டிக்குப் பின்னால் ஆளில்லாமல் கூட்டிப்போனார்கள், எக்காளம் ஊதினார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. தலைமாட்டுப் பலகையில் கர்னல் என்று போடவா கேப்டன் என்று போடவா என்று பீட் வந்து கேட்டான். பெயரை மட்டும் போடு, அவருக்கு இனி மேலேயும் கீழேயும் யாரும் வேண்டாம் என்றேன். அவன் அப்படியே செய்தான், தானே உளி பிடித்துச் செதுக்கினான், எழுத்துக் கோணலாகத்தான் இருக்கிறது. பீட்டை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்பாய். இல்லை. அவன் எனக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை, இருந்தாலும் அந்த ஜன்னலில் விளக்கு எரிவதைப் பார்க்கும்போது அந்தப் பக்கமே திரும்பக்கூடாது என்று நடக்கிறேன். ஆனால் நீ எழுதிவைத்திருப்பதைப் பத்திரிகையில் போட்டால் அப்பா தன் இஷ்டத்தோடு செய்த ஒரே காரியத்தை அவரிடமிருந்து பிடுங்கினதாகும். வாழ்நாள் முழுக்க உத்தரவுப்படி போனார், உத்தரவுப்படி வந்தார், உத்தரவுப்படி அடுத்தவரை எழுப்பினார், இது ஒன்றுதான் அவர் தாமாகச் செய்தது. உனக்குக் கோபம் அடங்கவில்லை, எழுதித்தான் தீரவேண்டும் என்றால் அந்த ஆற்று வளைவு ஜனங்களைப் பற்றி எழுது, உன் அப்பா பெயரையும் போட்டே எழுது. அவர் மறுத்திருக்க மாட்டார்.

கேப்டனின் விதவைக்குக் கோட்டையில் இடம் கிடையாது, இருந்தாலும் பாதை திறக்கும்வரை இந்தச் சோப்புத் தெரு வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஹனோரா ஒரு வேளைகூட என்னைத் தனியாகச் சாப்பிட விடுவதில்லை, அவளுடைய உருளைக்கிழங்குக் கஞ்சியில் உப்பு அதிகம், சொன்னால் சண்டைக்கு வருவாள். பனி உருகியதும் ரயிலேறி உன்னிடம் வந்துவிடுகிறேன், பிரசவத்துக்குள் வந்துவிட முடியும் என்றுதான் நினைக்கிறேன். அதுவரை தண்ணீர் வாளியை நீ தூக்காதே, இடுப்பை இறுக்கிக் கட்டாதே, படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், சும்மா அழுதுகொண்டிருக்காதே, அழுதால் உட்கார்ந்து நன்றாக ஒருமுறை அழுதுவிட்டு எழுந்து ஏதாவது சாப்பிடு. ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். பையன் பிறந்தால் அப்பா பெயரை வைப்பதாக எழுதியிருக்கிறாய், வை, ஆனால் பட்டாளத்துக்கு அனுப்பாதே.

இன்னும் ஒன்று, முக்கியமாக இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூட வைத்துக்கொள். நான் வருவதற்குள் உன் மாமியாரை அந்தத் தெற்குப் பக்கத்து வெயில் அறையிலிருந்து பின்கட்டுக்கு மாற்றிவிட்டு, அந்த அறையை எனக்குத் தயார் செய்துவைப்பதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் கண்ணே. அந்த அம்மாள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அவர் கட்டிலைத் தொடாதே. அடுப்பங்கரையில் ஒரு மூலை காட்டு, எனக்குப் போதும், நானே பெருக்கிக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
லவீனியா கேஜ்